பிளாஸ்மா மாற்று சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் வந்த சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



போன கூட்டத்தில் சொத்து வரி பற்றிப் பேசிய ஆள் இன்றைக்கு மூளை அழற்சி பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நான் படித்தது பி.காம். 34 வருடம் வங்கியில் கிளார்க். டாக்டர் இல்லை. ஆனால் என் தங்கை மகளுக்கு இந்த வியாதி வந்து, பிளாஸ்மா மாற்று சிகிச்சை செய்து, பிழைத்து எழுந்தாள். அதற்குப் பிறகு தெரிந்தவர்களில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் எனக்குப் போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ரத்தத்தையே எடுத்து மாத்துறாங்களாமே, உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?" நம் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் சென்ற மாதம் அதே கேள்வி வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரு தடவை எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாமே என்று செயலாளர்தான் யோசனை சொன்னார்.

முதலில் வியாதி. உடம்புக்குள் கிருமி வந்தால் அதைப் பிடிக்க ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள் உண்டாகின்றன. சில சமயம் அவை ஆள் மாறிப் பிடித்துவிடும். மூளை நரம்புகளின் மேல் இருக்கும் நம் சொந்தப் புரதத்தையே எதிரி என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் என்கிறார்கள். கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் வேறு, இது வேறு. இதில் பல வகை உண்டு. அதிகம் பேசப்படுவது என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியைத் தாக்கும் வகை. 2007-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் நிபுணரும் அவருடைய குழுவும் 12 பெண்களைப் பற்றி எழுதியபோதுதான் இதற்கு ஒரு தெளிவான அடையாளம் கிடைத்தது. அதற்கு முன்னால் இந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மனநோய் என்று ஒரு பக்கம், பேய் பிடித்தது என்று இன்னொரு பக்கம்.

நியூயார்க்கில் சுசானா கஹலான் என்று ஒரு பத்திரிகை நிருபர். 2009-இல் அவருக்கு 24 வயது. சந்தேகம், பிதற்றல், வலிப்பு, கடைசியில் பேச்சே குறைந்துவிட்டது. பரிசோதனையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. சுஹேல் நஜார் என்ற டாக்டர் வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். அந்தப் பெண் வட்டம் போட்டு, 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டார். மூளையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லிவிட்டது. அவருக்குக் கொடுத்த சிகிச்சையில் ஸ்டீராய்டும் உண்டு, இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு, நான் இன்று பேச வந்த பிளாஸ்மா மாற்றமும் உண்டு. குணமாகி, 2012-இல் அவரே புத்தகம் எழுதினார். 'பிரெய்ன் ஆன் ஃபயர்' என்று படமாகவும் வந்தது.

இளம் பெண்களுக்கு வருகிற வியாதி என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். எல்.ஜி.ஐ.1 என்று இன்னொரு வகை இருக்கிறது. அது பெரும்பாலும் 50, 60 தாண்டியவர்களுக்கு வருவது, அதிலும் ஆண்கள் அதிகம். முகமும் அதே பக்கத்துக் கையும் ஒரு வினாடி வெட்டி இழுக்கும், ஒரு நாளில் பல தடவை. ஞாபகம் குறையும். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். வயசாகிவிட்டது, மறதி வருகிறது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இனி சிகிச்சை. ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் மிதக்கிற மஞ்சள் நிறத் திரவம்தான் பிளாஸ்மா. தப்பாகப் போன ஆன்டிபாடிகள் இந்தத் திரவத்தில்தான் இருக்கின்றன. கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் இரட்டைக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு குழாய் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும். மெஷின் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து ஒரு பையில் சேர்க்கும். அணுக்களோடு மாற்றுத் திரவத்தைக் கலந்து அடுத்த குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். பார்வைக்கு டயாலிசிஸ் மாதிரியே இருக்கும். டயாலிசிஸில் சின்னச் சின்ன உப்புக் கழிவுகள் போகும். இதில் பிளாஸ்மாவே போகிறது.

"ரத்தத்தையே மாத்துறாங்க" என்பது அதனால் சரியில்லை. உங்கள் சிவப்பணுக்கள் உங்களுக்கே திரும்பி வந்துவிடும். எந்த நேரத்திலும் உடலுக்கு வெளியே, குழாயிலும் மெஷினிலுமாக இருக்கும் ரத்தம் சுமார் ஒரு டம்ளர். ஒரு தடவை செய்ய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். வழக்கமாக ஒன்று விட்டு ஒரு நாள், ஐந்து முதல் ஏழு தடவை செய்வார்கள்.

ஏன் ஐந்து தடவை? ஒரே நாளில் முடித்துவிட்டால் என்ன? இது என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்ட கேள்வி. பில் ஏற்றுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப் போனதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அடுக்ககத்து சம்ப்பில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10,000 லிட்டர் சம்ப். ஒரு பக்கம் பம்ப் போட்டு இறைக்கிறோம், அதே வேகத்தில் இன்னொரு பக்கம் லாரித் தண்ணீர் ஊற்றுகிறோம். 10,000 லிட்டர் இறைத்து முடிக்கும்போது உப்பு முழுக்கப் போயிருக்குமா? போயிருக்காது. ஏனென்றால் நல்ல தண்ணீரும் கலந்து கலந்து வெளியே போகிறது. சுமார் 63 சதவீதம் உப்புதான் போயிருக்கும். முழுக்கக் காலி செய்துவிட்டு ஊற்றலாமே என்றால், சம்ப்பைக் காலி செய்யலாம், மனிதனைக் காலி செய்ய முடியாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பிளாஸ்மா ஏறக்குறைய இரண்டரை லிட்டர். அந்த இரண்டரை லிட்டரை மாற்றினால் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியில் 63 சதவீதம் போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த வகை ஆன்டிபாடியில் 45 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கிறது. மீதி 55 சதவீதம் ரத்தக்குழாய்க்கு வெளியே, திசுக்களில் இருக்கிறது. நூறு ரூபாய் கடனில் 45 ரூபாய்தான் கைக்கு எட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையில் அந்த 45-இல் 63 சதவீதம், அதாவது 28 ரூபாய் வசூல். மீதி 72. ஒரு நாள் விட்டால் திசுக்களில் இருப்பது மெல்ல ரத்தத்துக்கு இறங்கி வரும். இரண்டாம் தடவை இன்னொரு 20 போகும், மீதி 52. பிறகு 37. பிறகு 26, 27. ஐந்தாம் தடவை முடிந்ததும் 19. வணிகவியல் படித்தவர்களுக்குப் புரியும், இது குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானம்தான். ஒன்று விட்டு ஒரு நாள் என்பது திசுவிலிருந்து இறங்கி வரக் கொடுக்கும் அவகாசம். மாப்பிள்ளைக்கு இதை ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் சந்தேகம் தீர்ந்தது.

இது எளிமையாக்கிய கணக்கு. உடம்பு புதிது புதிதாக ஆன்டிபாடி உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். மூளைக்குள்ளேயே உற்பத்தியாவதை இந்த மெஷின் நேரடியாகத் தொட முடியாது. அதனால்தான் உற்பத்தியை நிறுத்த ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் ரிடுக்சிமாப் என்ற மருந்து எல்லாம் கூடவே கொடுக்கிறார்கள். என்.எம்.டி.ஏ. வகையில் சில பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். அதுதான் மூல காரணம் என்றால் அதை எடுத்தாக வேண்டும்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்த இளம் டாக்டர் ஒரே மூச்சில் படித்தார். அரிப்பு, நடுக்கம், ரத்த அழுத்தம் குறைதல், ரத்தப்போக்கு, தொற்று, மரணம். முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அரிப்பும் மரணமும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. மாப்பிள்ளை கை நடுங்கிப் போய், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். உறவில் ஒருவர், ரத்தத்தில் கை வைத்தால் ஆள் தேறாது என்று போனில் சொல்லியிருந்தார். நான் வாழ்நாள் முழுவதும் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியவன். அந்தப் படிவம் எனக்குப் பற்றுப் பக்கம் மட்டும் எழுதிய பேரேடு மாதிரித் தெரிந்தது. ஒவ்வொரு ஆபத்தும் எவ்வளவு பெரியது என்று அதில் இல்லை. சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை.

இந்த இரண்டையும் டாக்டரிடம் கேட்டுப் பெற வேண்டும். முதலில், செய்யாவிட்டால் என்ன? 2013-இல் 577 என்.எம்.டி.ஏ. நோயாளிகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில் இரண்டு வருடம் வரை கண்காணித்த 501 பேரில் 394 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். 30 பேர் இறந்துவிட்டார்கள். எல்லாம் சேர்த்து சிகிச்சை கொடுத்தும் நூற்றுக்கு ஆறு பேர். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நான்கு வாரத்துக்கு மேல் தாமதமானால் பலன் குறைகிறது என்று பின்னால் வந்த கணக்குகளும் காட்டின. ஆக, நாளைக்கு என்று சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அடுத்தது, செய்தால் என்ன? இந்த வகைச் சிகிச்சைகளுக்கென்று ஸ்வீடனிலிருந்து ஒரு பன்னாட்டுப் பதிவேடு பராமரிக்கிறார்கள். அதில் 50,000-க்கும் மேற்பட்ட தடவைகளைக் கணக்கெடுத்து 2016-இல் வெளியிட்டார்கள். கடுமையான பிரச்சினை வந்தது நூறு தடவையில் ஒன்றுக்கும் குறைவு. சிகிச்சையாலேயே மரணம் என்று ஒன்றும் அதில் இல்லை. இதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவேட்டில் நடந்து வந்து செய்துகொண்டு போகிறவர்களும் உண்டு. ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் மூளை அழற்சி நோயாளிக்கு ஆபத்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் அந்த ஆபத்துகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை, பக்கத்தில் ஆள் இருந்தால் உடனே சரி செய்யக்கூடியவை.

ஒன்று, குழாய். எனக்குத் தெரிந்த டாக்டர்கள் மெஷினைவிடக் குழாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். கழுத்தில் போடும்போது நுரையீரலில் இடிபடலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே போட்டால் அது அரிது. பிறகு குழாய் இருக்கும் நாளெல்லாம் கிருமித் தொற்று, ரத்தக் கட்டி என்ற பயம் உண்டு. அந்த இடம் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அந்தப் பக்கத்துக் காலோ கையோ வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். மூளை அழற்சி நோயாளி தன்னை அறியாமல் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்பது இன்னொரு கவலை. எங்கள் பெண்ணுக்குக் கையில் துணிக் கையுறை மாட்டி, ஒரு நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது கால்சியம். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் குறுகுறு என்று இருக்கும். சாதாரண நோயாளி, சிஸ்டர், உதடு மரத்துப் போகுது என்பார். உடனே வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் கொடுப்பார்கள், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால் எங்கள் பெண் பேசவே இல்லையே! எப்படிச் சொல்வாள்? இந்த வியாதியில் இந்தச் சிகிச்சைக்கு இருக்கும் தனிச் சங்கடம் இதுதான். சொல்லத் தெரியாத நோயாளிக்குக் கால்சியம் அளவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும், இதய வரைபடத்தைக் கவனிக்க வேண்டும். முதல் தடவையிலேயே டாக்டரிடம், இவள் சொல்லமாட்டாள், நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல கேள்வி என்றார்.

ரத்த அழுத்தம் திடீரென்று குறையலாம். இரண்டாம் தடவையில் எங்களுக்கு அப்படி ஆனது. அரை மணி நேரம் நிறுத்தி, திரவம் கொடுத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். என்.எம்.டி.ஏ. வகையில் வியாதியாலேயே ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறி இறங்கும் என்பதால், ஐ.சி.யூ.வில் வைத்துச் செய்வது நல்லது.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பீர்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது இந்தச் சிகிச்சை செய்தால், முகம் சிவந்து அழுத்தம் கடுமையாக விழலாம். குறைந்தது ஒரு நாள் முன்னாலேயே டாக்டர் அதை நிறுத்தி வேறு மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். டெல்மிசார்டன் வேறு வகை. இருந்தாலும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பிறகு மாற்றுத் திரவம். நல்லது ஆல்புமின். 5 சதவீதக் கரைசலாக இரண்டரை லிட்டர் என்றால் 125 கிராம். 20 சதவீத 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். ஒரு தடவைக்கு ஆறு, ஏழு பாட்டில். ஒவ்வொன்றும் சில ஆயிரம். ஐந்து தடவைக்குப் பெருக்கிப் பாருங்கள், ஏன் பலரும் திணறுகிறார்கள் என்று தெரியும். அதனால் பல இடங்களில் ஆல்புமினோடு சலைனும், தானமாகப் பெற்று உறைய வைத்த பிளாஸ்மாவும் கலந்து கொடுக்கிறார்கள். தான பிளாஸ்மாவில் அரிப்பு, தடிப்பு, எப்போதாவது மூச்சுத் திணறல் வரும். ஒரு தடவைக்கே பன்னிரண்டு பை என்றால் பன்னிரண்டு பேருடையது. ஆல்புமினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அதில் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கிடையாது. அடுத்தடுத்துச் செய்தால் ரத்தப்போக்குக்கு வழி உண்டாகும். ஃபைப்ரினோஜன் அளவு பார்த்துக்கொண்டே செய்வதும், ஒரு நாள் இடைவெளி விடுவதும் இதற்காகவும்தான். முதுகில் நீர் எடுப்பது, குழாயைக் கழற்றுவது, கட்டி ஆபரேஷன் எல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் பிளாஸ்மா மாற்றம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகளை உடைக்கும் நொதியும் பிளாஸ்மாவோடு போயிருக்கும்.

கடைசியாக, கெட்டதோடு நல்லதும் போகிறது. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியும் குறைவதால் சில வாரம் தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்த மருந்தும் போகும். அதனால் அன்றைய மாத்திரை, ஊசிகளை முடிந்தவரை சிகிச்சை முடிந்த பிறகே கொடுப்பார்கள். ரிடுக்சிமாப், இம்யூனோகுளோபுலின் மாதிரி விலை உயர்ந்த ஊசியைப் போட்டுவிட்டு மறுநாளே பிளாஸ்மா மாற்றினால் காசு பையில் போகிறது என்று அர்த்தம். ஆன்டிபாடி பரிசோதனைக்கான ரத்தமும் முதுகு நீரும் சிகிச்சைக்கு முன்னால் எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். ஐந்து தடவை. மூன்று தடவை முடியும்வரை ஒரு மாற்றமும் இல்லை. தங்கை என்னிடம், ஏன் அண்ணா, இதுவும் போச்சா என்றாள். ஐந்தாவது முடிந்து ஒரு வாரம் கழித்து, தண்ணீர் டம்ளரை நீட்டியபோது பெண் கையை நீட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு ரிடுக்சிமாப் கொடுத்தார்கள். வீட்டுக்கு வர இரண்டு மாதம், வேலைக்குத் திரும்ப எட்டு மாதம். எந்த மருந்து குணமாக்கியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. "மாமா, அந்த மாசத்தை யாரோ கிழிச்சு எடுத்துட்டாங்க" என்பாள்.

இனி கூட்டத்தில் வந்த கேள்விகள்.

இம்யூனோகுளோபுலின் ஊசியே போதாதா, அதற்குக் குழாய் வேண்டாமே?

உண்மை, சாதாரண ஊசி வழியாகவே ஏற்றலாம். பல டாக்டர்கள் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதிலும் தலைவலி, ரத்தக் கட்டி, சிறுநீரகச் சிரமம் வரலாம். எடைக்கு 2 கிராம் கணக்கில் 50 கிலோ ஆளுக்கு 100 கிராம், செலவும் குறைவில்லை. இரண்டில் எது மேல் என்று இந்த வியாதியில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை. நோயாளியின் நிலை, ஆஸ்பத்திரியின் வசதி, டாக்டரின் அனுபவம் பார்த்து முடிவாகும். எங்களுக்கு ஸ்டீராய்டு பலிக்காமல், நிலைமை வேகமாக மோசமானதால் பிளாஸ்மா மாற்றம்.

எல்லா மூளை அழற்சிக்கும் இதைச் செய்யலாமா?

கூடாது. ஹெர்பிஸ் வைரஸால் வந்தால் அசைக்ளோவிர் மருந்துதான் உயிர் காக்கும். முடிவு வரும்வரை அதையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆட்டோஇம்யூனிலும் சில வகைகளில், குறிப்பாகப் புற்றுநோயோடு சேர்ந்து வரும் சிலவற்றில், இதன் பலன் குறைவு.

புனேயில் தண்ணீரால் பரவியதாகச் சொன்னார்களே, அதற்கும் இதுதானா?

2025 ஜனவரியில் புனேயில் பரவியது குய்லான்-பாரே. அது கை கால் நரம்புகளைத் தாக்கும் வேறு வியாதி. ஆனால் சிகிச்சை இதேதான். 1985-லேயே அந்த வியாதிக்குப் பிளாஸ்மா மாற்றம் பலன் தருகிறது என்று பெரிய ஆய்வு நிரூபித்துவிட்டது. இந்த மெஷினைக் கையாளுவதில் டாக்டர்களுக்கு இருக்கும் அனுபவத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. சம்ப்பை வருடத்துக்கு இரண்டு தடவை கழுவ வேண்டும் என்று நான் கத்துவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி வந்தால் குணசீலம் கூட்டிப் போவார்கள்...

போங்கள். நான் தடுக்கமாட்டேன், என் தங்கையும் வேண்டிக்கொண்டாள். ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை இரண்டு மூன்று வாரத்தில் தலைகீழாக மாறி, கூடவே வலிப்போ, வாய் தானாக அசைவதோ, காய்ச்சலோ இருந்தால், முதலில் நியூராலஜிஸ்ட். எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தாலும் விடாதீர்கள். பலருக்கு நார்மலாகவே இருக்கும். இ.இ.ஜி.யும் முதுகு நீரும் பார்க்க வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியில் செய்வது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் சொல்லமாட்டேன். மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், மெஷினை நடத்துவது ரத்த வங்கிப் பிரிவா, டயாலிசிஸ் பிரிவா, இரவில் ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். இன்சூரன்ஸ் இருந்தால் ஆல்புமின் பாட்டில்கள் அதில் சேருமா என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

நம் பிளாஸ்மாவை நாமே கொடுக்கலாமா?

ஆல்புமினுக்கு ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. தான பிளாஸ்மாவுக்குப் பார்க்க வேண்டும். ஏபி வகைக்காரர்களின் பிளாஸ்மா எல்லோருக்கும் பொருந்தும், நம் அடுக்ககத்தில் எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருக்கிறார்கள். தனியாகப் பிளாஸ்மா கொடுக்க வேண்டும் என்பதில்லை. சாதாரணமாக நீங்கள் கொடுக்கும் ஒரு யூனிட் ரத்தத்திலிருந்தே ஒரு பை பிளாஸ்மா பிரித்து உறைய வைக்கிறார்கள். அடுத்த மாதம் நம் ஹாலில் நடக்கும் ரத்ததான முகாமுக்குப் பெயர் எழுதிக்கொள்ளும் நோட்டு செயலாளரிடம் இருக்கிறது. 65 வயது தாண்டிய என் மாதிரி ஆட்களை எடுத்துக்கொள்ளமாட்டார்கள், பிள்ளைகளை அனுப்புங்கள்.